நூற்றில் ஒரு பங்கு

மரம் தண்ணீரில் மிதக்கும். நாள்பட்டால் ஊறும்; இன்னும் விட்டுவைத்தால் அழுகும். கரையாது. இது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும், மரத்தைத் தண்ணீரில் கரைய வைப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மனிதர் தன் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தார்.

கூழாக்கிய மரம் வெள்ளை அட்டைகளாக, கட்டுக்கட்டாக, லாரியில் வந்து இறங்கும். பார்த்தால் அதில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கலாம் போலிருக்கும். அதைக் கிழித்துத் துகளாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். உப்பிப் பருத்ததும் பெரிய இரும்புக் கொப்பரையில் ஸ்பிரிட்டோடு கலக்கி, கிட்டப் போனால் கண்ணைக் கரிக்கும் ஓர் அமிலத்தைச் சேர்த்துச் சூடேற்றுவார்கள். பிறகு அலசி, உலர்த்தி, மாவாக அரைப்பார்கள். கடைசியில் கைக்கு வருவது மணம் இல்லாத, ருசி இல்லாத, தின்றால் பசிகூட ஆறாத ஒரு வெள்ளைப் பொடி. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு ஒன்றுமில்லாத ஒன்றைத் தயாரிப்பது, கமிட்டிகளுக்கு அடுத்தபடியாக அங்கேதான்.

ஆனால் அதில் ஒரு சிட்டிகை விழுந்துவிட்டால் தண்ணீரின் குணமே மாறிப்போகும். ஓடிக்கொண்டிருந்தது நின்று யோசிக்க ஆரம்பித்துவிடும். பற்பசை பிரஷ்ஷின் மேல் படுத்தபடி இருப்பதும், ஐஸ்கிரீம் நாக்கில் மணலாய்க் கரகரக்காததும், கண் வறண்டுபோனவர்களுக்கு விடும் செயற்கைக் கண்ணீர் விட்ட வேகத்தில் கன்னத்துக்கு இறங்கிவிடாமல் கண்ணிலேயே தங்குவதும் இந்தப் பொடியின் புண்ணியம். கண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித் தருகிற இடம் என்று அவர் தன் தொழிற்சாலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

தொழிற்சாலையில் அவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். புத்தியை மெச்சி வைத்த பெயர் அல்ல. வைத்தவர்கள் யாரையும் மெச்சுகிற ஆட்களும் அல்ல. ஒவ்வொரு கொப்பரைச் சரக்கிலும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, போதுமான அளவு கெட்டியாகிறதா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. அவர் தலையசைத்தால் சரக்கு மூட்டைக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் மூலைக்குப் போகும்.

கரைப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ணாடிக் குவளையில் தண்ணீரைச் சுழல விட்டு, சுழியின் ஓரமாகப் பொடியைத் தூவ வேண்டும். கோலப்பொடி விரலிடுக்கில் இறங்குவது போல, அவ்வளவு மெதுவாக. அவசரப்பட்டுக் கொட்டினால் கட்டி விழுந்துவிடும். அந்தக் கட்டி ஒரு விசித்திரமான பிராணி. வெளியே வழுவழுவென்று தோல் போர்த்திக்கொள்ளும்; பிறகு எத்தனை நேரம் தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே சொட்டு இறங்காது. நசுக்கினால் நடுவில் காய்ந்த மாவு அப்படியே இருக்கும். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு நனையாமல் இருப்பது எப்படி என்று அதனிடம்தான் கற்க வேண்டும்.

கரைந்ததை அளக்க ஓர் இயந்திரம் இருந்தது. ஒரு தண்டு கரைசலுக்குள் இறங்கிச் சுற்றும். சுற்றச் சிரமப்படுகிற அளவை எண்ணாகக் காட்டும். கெட்டிக்காரர் அதற்கு முன்னால் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதில் தோய்த்து, ஒட்டி விலக்கி, இடையே இழுபடும் நூலைப் பார்த்துத் தானே ஓர் எண் சொல்வார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாட்களில் இயந்திரம்தான் சரியாக இருக்கும். அன்றைக்கு அவர், "மிஷினுக்கு இன்னிக்கு மூட் சரியில்ல" என்பார்.

இப்படிப் பகல் முழுதும் தண்ணீரைக் கெட்டியாக்கிய மனிதருக்கு வீட்டில் எல்லாம் நீர்த்துப்போய் இருக்க வேண்டும். காபியில் கோப்பையின் அடி தெரிய வேண்டும். இதற்கு அவர் மனைவியைவிடப் பொருத்தமானவள் கிடைத்திருக்க முடியாது. அவள் வைக்கும் சூப்பில் காய்த்துண்டுகள் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு அலையும். அவளுக்குப் பிடித்த பானம் தண்ணீர். குழாயடியில் நின்றபடியே ஒரு பெரிய டம்ளரை மடக் மடக்கென்று குடித்து, "அப்பாடா" என்று சத்தமாக மூச்சு விடுவாள். அந்த 'அப்பாடா' கூடம் தாண்டித் தெருவுக்குக் கேட்கும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதுதான் பெரிய சத்தம்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவர் தொழிற்சாலைக் கதையை எடுப்பார். கதைகள் மொத்தமே நான்கைந்துதான். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது சாஸ் கம்பெனிக்காரன் கதை. அந்த ஆள் ஒரு நாள் கையில் பாட்டிலோடு வந்து, உங்கள் பொடி மோசடி, சாஸ் தண்ணீராய் ஓடுகிறது என்று கத்தினானாம். இவர் நிதானமாக, "வினிகர் எவ்வளவு, உப்பு எவ்வளவு?" என்று கேட்டாராம்.

"உப்பும் புளிப்பும் பட்டா நம்ம சரக்கு படுத்துடும். கெட்டியான அப்புறம் போட்டாக்கூடக் கொஞ்ச நேரத்துல இளகிடும். அதுவும் உப்பை முன்னாலேயே தண்ணில போட்டுட்டுப் பொடியைப் போட்டா, தலைகீழா நின்னாலும் கெட்டியாகாது. அதுக்குன்னு வேற ரகம் இருக்கு, அதை வாங்கணும். புரியுதா?"

"ம்" என்பாள் மனைவி. "சாப்பாடு ஆறுது."

"காது குடுத்துக் கேட்டாத்தானே!" என்று அவர் அலுத்துக்கொள்வார். அடுத்த மாதம் அதே கதையை முதலிலிருந்து சொல்வார். அவள் கேட்பதில்லை என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. இருந்திருந்தால் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு நாள் காலையில் அவள் குழாயடியில் டம்ளரை நீட்டினாள். கை டம்ளரை விட்டது. கால் அவளை விட்டது. பக்கவாதம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கால், இழுத்து இழுத்து வந்தது. பேச்சு, ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. விழுங்கப் பழக்குவதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள். அவள் அவரை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னாள்: "தண்ணி, காபி, சூப்னு ஓடுற எதையும் தரக்கூடாது சார். தொண்டை மூடறதுக்குள்ள அது முந்திக்கிட்டு நுரையீரலுக்குள்ள போயிடும். காய்ச்சல் வரும், சளி கட்டும், உயிருக்கே ஆபத்து. இந்தப் பொடியைக் கலந்து, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் எதையும் தரணும்."

அவள் நீட்டிய டப்பாவை அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் கண் ஓடியது. ஓரிடத்தில் நின்றது. முகம் மலர்ந்தது.

"நம்ம சரக்கு!"

"என்ன சார்?"

"இது எங்க சரக்கு மேடம். மரம்!"

நோயாளி யார் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே போனார். "பாத்தியா? அப்படி என்னதான் வேலை பாக்கறீங்கன்னு கேப்பியே. இதான். உனக்காகத்தான் செஞ்சிருக்கேன் போல, இத்தனை வருஷமா."

மனைவிக்குப் பாதி வாய் அசைந்தது. அது சிரிப்பா இல்லையா என்று தீர்மானிக்க மற்றப் பாதி வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் அவர் சமையலறையைப் பரிசோதனைக்கூடமாக்கினார். ஜக்கில் தண்ணீரை ஊற்றி, முள்கரண்டியால் சுழியைக் கிளப்பி, ஓரமாகப் பொடியைத் தூவினார். ஒரு கட்டி இல்லை. சற்று ஊறவிட்டு, இரண்டு விரலைத் தோய்த்து நூலிழுத்துப் பார்த்தார். தொழிற்சாலையில் தலையசைப்பது போலவே தலையசைத்தார். கோப்பையில் ஊற்றி, ஸ்பூனால் எடுத்து, அவள் வாயருகே கொண்டுபோனார்.

அவள் விழுங்கினாள். இருமல் வரவில்லை. அவர் மனம் பொங்கியது.

"என்னது?" என்றாள் அவள்.

"தண்ணி."

"இல்ல."

"தண்ணிதாம்மா. நூத்துல தொண்ணூத்தொம்பது பங்கு தண்ணி. ஒரே ஒரு பங்குதான் பொடி."

அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். வார்த்தைகளை எங்கிருந்தோ ஒன்றொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"அந்த ஒண்ண... எடுத்துடுங்க."

அந்த ஒன்றைத் தண்ணீருக்குள் போடத்தான் அவருக்குத் தெரியும். எடுக்க யாராலும் முடியாது. எடுத்தால் அவள் செத்துப்போவாள். அவள் உயிர் அந்த ஒரு பங்கில் இருந்தது. அவளுக்கு வேண்டியதோ மற்றத் தொண்ணூற்றொன்பது.

அவர் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. காலையில் ஒரு ஜக் நிறையக் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார். பகலில் மனைவியின் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். அவளுக்கு அடுத்த தெருவில் தையல் கடை. இப்போது தைக்க வேண்டிய துணிகளை இங்கேயே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, அக்காளின் கட்டிலடியில் உட்கார்ந்து பொத்தானும் காஜாவுமாகப் பொழுதை ஓட்டினாள். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அவற்றை எடுத்தால் பேச்சு வரும். வந்தால் குண்டூசியே மேல் என்று தோன்றும்.

முதல் சில நாட்கள் ஜக் பாதிகூடக் குறையவில்லை. "வாயைத் தொறக்க மாட்டேங்கறா மாமா. பசை வாளியை வச்சுக்கிட்டுப் போஸ்டர் ஒட்ட வந்தவ மாதிரி நான் நிக்கறேன்" என்றாள் தங்கை.

"தாகம்னா குடிச்சுத்தானே ஆகணும்."

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குக் குடிக்கணும்? எனக்கு என்ன கேடு?"

அதன்பின் நிலைமை மாறியது. ஜக் காலியாகத் தொடங்கியது. அவர் திரும்பி வரும்போது மனைவியின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. உதட்டின் வெடிப்பு ஆறியது. ஒரு மாலை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளேயிருந்து பழைய சத்தத்தின் ஒரு துண்டு கேட்டது. "அப்பா" வரைக்கும் வந்து, 'டா' வராமல் நின்றது. அவர் செருப்பைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் தொழிற்சாலையில் உலர்த்தி இயந்திரம் ஓட்டுகிறவரிடம் சொன்னார்: "ஆரம்பத்துல பிடிக்கல. பழகிட்டா. இப்ப விரும்பிக் குடிக்கறா."

"உங்க சரக்கை விரும்பிக் குடிக்கற ஒரே ஆள் அண்ணிதான் அண்ணே" என்றார் உலர்த்திக்காரர். "சாஸ்காரன்கூட இப்படிச் சொல்லல."

இருமல் முதலில் சின்னதாகத்தான் வந்தது. பிறகு காய்ச்சல். பிறகு மூச்சு. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "தண்ணி உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்க?"

"கெட்டியாத்தான் குடுத்தேன் டாக்டர்."

"போதிய அளவு கெட்டியில்லையோ என்னமோ."

வேறு யாரும் அவரை அதைவிட மோசமாகத் திட்டியிருக்க முடியாது. அவர் நேராக வீட்டுக்குப் போனார். ஜக்கில் மிச்சம் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், இயந்திரத்தின் தண்டுக்கடியில் வைத்தார். விரலை வைக்கவில்லை, அன்றைக்கு அவருக்குத் தன் விரல்மேல் நம்பிக்கை இல்லை. எண் வந்தது. தேன் பதம். அப்பழுக்கில்லாத தேன் பதம். அவர் வாழ்க்கையில் தேறிய சரக்கைப் பார்த்து வருத்தப்பட்டது அதுவே முதல் முறை. பொடி சரி, தண்ணீர் சரி, கை சரி என்றால் அவள் நெஞ்சில் நீர் எப்படிப் போயிற்று?

வீட்டுக்குத் திரும்பி டப்பாவைக் கவிழ்த்தார், ஜக்கை முகர்ந்தார், ஸ்பூன்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். அக்காளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்த தங்கை ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இந்த அரை மூடி எலுமிச்சம்பழம் காஞ்சு போச்சே. தூக்கிப் போடட்டுமா மாமா?"

"அது எதுக்கு இங்க?"

"அக்கா தண்ணில பிழியறதுக்குத்தான். சப்புனு இருக்காம். எலுமிச்சம்பழமும் ரெண்டு கல்லு உப்பும் கேட்டா. பாவம், வேற என்னத்தைக் கேக்கறா? அதுக்கப்புறம்தானே ஒழுங்கா குடிக்க ஆரம்பிச்சா."

அவர் அந்த மூடியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்ன மாமா? எலுமிச்சம்பழம் சளியா?"

"பிழிஞ்ச உடனே குடிப்பாளா?"

"அதையேன் கேக்கறீங்க! உடனே குடுத்தா வாங்க மாட்டா. 'வை'ம்பா. மேசையில வச்சுட்டு அதையே பாத்துக்கிட்டுக் கிடப்பா, எதிர்ல சினிமா ஓடற மாதிரி. நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடிக்கற வரைக்கும். அப்புறம்தான் ஸ்பூனைத் தொடுவா."

உப்பும் புளிப்பும் பட்டால் படுத்துவிடும். கெட்டியான பிறகு போட்டால்கூடக் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். அவர் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை சொல்லி, எத்தனையோ முறை 'ம்' வாங்கிய வாக்கியம்.

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது. ஆஸ்பத்திரி வரை அதை அணையாமல் கொண்டுபோனார். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவளின் தலைமாட்டில் போய் நின்றார்.

"எலுமிச்சம்பழமா?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"உப்பும்" என்றாள்.

கோபம் அதோடு போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"வேற வழி?"

அன்று அவர் அழுதாரா என்று யாரும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்ற சந்தோஷமும், கேட்டதால்தான் இப்படிக் கிடக்கிறாள் என்ற துக்கமும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை. அவர் அவள் போர்வையைச் சரி செய்தார். சரியாக இருந்ததையும் சரி செய்தார்.

காய்ச்சல் விட்டது. அனுப்பும்போது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க. வயித்துல குழாய் போட்டு அது வழியா எல்லாத்தையும் குடுக்கலாம். அதுலயும் உத்தரவாதம் கிடையாது."

"வேண்டாம்" என்றாள் மனைவி. அது அவளுக்குச் சுத்தமாக வந்த வார்த்தை.

"அப்ப கெட்டியாத்தான் குடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டிலிருந்து எலுமிச்சையை விலக்கினார். வினிகர், ஊறுகாய், ஆரஞ்சு, தக்காளி என்று புளிப்புள்ள எதுவும் வாசற்படி தாண்டக் கூடாதென்றார். உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பூன் உதட்டைத் தொட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கெட்டித் தண்ணீர் கோப்பையில் அப்படியே இருந்தது. அவள் உதடு மறுபடி வெடித்தது.

தங்கை வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள். "மாமா, ஒரு டம்ளர் தண்ணி. அவ கேக்கறது அதான். வெறும் தண்ணி."

"அது அவளுக்குத் தண்ணியில்ல, விஷம்."

"சரி, விஷம்னே வச்சுக்குவோம். கேக்கறால்ல?"

"நீ குடுத்துடுவியா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள். நூல் ஊசிக்காதைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. "எனக்கும் கை வராது" என்றாள் கடைசியில். "ஆனா நீங்க குடுத்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் கெட்டிக்காரர் ஜக்கில் தண்ணீரைச் சுழல விட்டார். பொடியை எடுத்தார். தூவும்போது விரலிடுக்கில் ஒரு சிட்டிகையை நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதைத் திரும்ப டப்பாவில் போட்டார். இத்தனை வருடத்தில் பதம் குறைந்த சரக்கு ஒரு மூட்டைகூட அவர் கண்ணைத் தாண்டி வெளியே போனதில்லை. முதலாவது மூட்டை அவர் வீட்டிலேயே போயிற்று.

அவள் ஒரு ஸ்பூன் வாங்கினாள். நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். இன்னொன்று வாங்கினாள்.

அடுத்த நாள் இன்னொரு சிட்டிகை. அதற்கடுத்த நாள் குறைக்கவில்லை; பயம் வந்துவிட்டது. "இன்னிக்கு... அதே" என்றாள் அவள், புகார் சொல்வது போல. அவர் விரலும் இயந்திரமும் சேர்ந்து பிடிக்க முடியாத வித்தியாசத்தை அவள் நாக்கு பிடித்தது. அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவருடைய வேலையைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான். அவர் எதுவும் சொல்லாமல் குறைப்பார். அவள் குடித்துவிட்டு, "தேவல" என்பாள், அல்லது "கொழகொழ" என்பாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர் அந்தத் தீர்ப்புக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஒரு காலத்தில் கொப்பரைக்காரர்கள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது போல.

கொஞ்சமாக இருமினாள். இருமும்போதெல்லாம் அவர் ஒரு சிட்டிகையைத் திரும்பச் சேர்ப்பார். இருமல் நின்றால் குறைப்பார். அவளைக் காப்பாற்றும் அளவுக்கு அது கெட்டியாகவும் இல்லை. அவள் கேட்ட தண்ணீராகவும் அது ஆகவில்லை. இரண்டையும் செய்ய மனமில்லாத ஒரு மனிதர் இரண்டுக்கும் நடுவில் தினம் ஒரு ஜக் கரைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் விரல்களைத் தோய்த்து விலக்கியபோது நூல் வரவில்லை. ஆனால் அதில் பொடி இருந்தது. அவரே போட்ட ஒரு சிட்டிகை. முதல் முறையாக ஸ்பூனை விட்டுவிட்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனார். தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் வைத்தார். அவள் ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு. இருமினாள். துடைத்துவிட்டார். அவள் அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தண்ணி."

"என்ன?"

"தண்ணிதாங்க."

நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு சிட்டிகை வித்தியாசத்தைக் கண்டுபிடித்த நாக்கு அது. அதற்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர், "ஆமா, தண்ணிதான்" என்றார்.

காய்ச்சல் திரும்பி வந்தது. டாக்டர் சொன்னபடியே நடந்தது. குறைத்த பொடியால் போனாளா, கூட்டியிருந்தாலும் போயிருப்பாளா என்று அவர் கேட்டதற்கு, "இப்ப அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?" என்றார் டாக்டர். தெரியவில்லை என்பதை டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு மத்தியானம் தங்கை தன் துணி மூட்டையை எடுத்துப்போக வந்தாள். கெட்டிக்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கோப்பை. பக்கத்தில் பிழிந்த எலுமிச்சை மூடி, உப்பு ஜாடி. டப்பாவில் மிச்சமிருந்த பொடியை முதல் நாள் பதத்தில், நூற்றில் ஒரு பங்கு, கரைத்து வைத்திருந்தார். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"உக்காரு. இளகட்டும்."

அவள் உட்கார்ந்தாள். மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் வெயில் மேசையின் ஒரு முனையிலிருந்து கோப்பை வரை வந்தது. காத்திருப்பதற்கு நடுவில் அவர் ஒரு முறை ஸ்பூனை விட்டுப் பார்த்தார், இன்னும் ஆகவில்லை. மறுபடி காத்திருந்தார்கள். தங்கை ஒரு காஜாவைப் பிரித்து மறுபடி எடுத்தாள். இத்தனை நேரமா அவள் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு அவர் எடுத்துக் குடித்தார். நாக்கில் நிறுத்தி, விழுங்கினார். இத்தனை வருடத்தில் தன் சரக்கை அவர் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை.

கோப்பையை நகர்த்தினார். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கொழகொழன்னுதானே இருக்கு! இதையா அவ தண்ணின்னு நெனச்சுக் குடிச்சா?"

"சரியா இளகல. உப்பை முன்னாலேயே தண்ணில போட்டுட்டுப் பொடியைப் போட்டிருந்தா கெட்டியாகவே ஆகியிருக்காது. அதையும் சொல்லியிருக்கேன் அவகிட்ட."

"அக்காவுக்கு அது ஞாபகம் இருந்திருக்காது மாமா."

"இருந்திருக்கும்" என்றார். எலுமிச்சை மூடியை எடுத்து, அதில் இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கோப்பைமேல் பிழிந்தார். "ஆனா முன்னாலேயே பொடியைக் கரைச்சு வச்சுட்டுப் போனது நானில்ல?"

தங்கை எழுந்து கோப்பையை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அது இறங்க மனமில்லாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை.